பள்ளியில் சமர்த்து, வீட்டில் ரகளை: ஏழு வயதுப் பையனுக்கு என்னதான் பிரச்சினை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களும் படிக்க வசதியாக இருக்கும். மகனுக்கு 7 வயது, இரண்டாம் வகுப்பு. வீட்டில் 4 வயதுத் தங்கையை அடிக்கிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், செல்போனைப் பிடுங்கினால் தரையில் உருண்டு கத்துகிறான். வகுப்பு ஆசிரியையோ "அவனா? அமைதியான பையனாச்சே" என்கிறார். மாமியார் உங்கள் வளர்ப்பைக் குறை சொல்கிறார். பனியன் கம்பெனியில் இருந்து இரவு எட்டரைக்கு வீடு திரும்பும் கணவர், நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்கிறார். இது ஏடிஎச்டியாக (கவனம் நிற்காமையும் அளவு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) இருக்கும், டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று யாரோ சொன்னதில் இருந்து உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் குழந்தைகள் உளவியலில் 18 வருடமாக வேலை பார்க்கிறேன். டெஸ்ட் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஏடிஎச்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது, மூளை ஸ்கேனும் கிடையாது. கையில் இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் பரிசோதனை) ரிப்போர்ட்டோடும், கடன் வாங்கி எடுத்த ஸ்கேனோடும் வருகிற பெற்றோரைப் பார்க்கும்போது வயிறு எரியும். வலிப்பு மாதிரி வேறு சந்தேகம் இருந்தால்தான் அதெல்லாம் தேவை. நடத்தையைக் கணிப்பது என்பது பெரும்பாலும் விசாரிப்பதும் கவனிப்பதும்தான். அதில் பாதி வேலையை வீட்டில் இருப்பவர்களால் மட்டுமே செய்ய முடியும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பள்ளி ஆசிரியை சொன்ன அந்த ஒரு வரி. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலை இங்கேயும் நிறைய மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி ஏடிஎச்டி என்று சொல்ல வேண்டுமானால், அறிகுறிகள் குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் ஆடுகிற பையனுக்கு அந்தப் பெயரை அவசரப்பட்டு ஒட்ட முடியாது. எதிர்த்து நிற்பதையே வழக்கமாக வைத்திருக்கும் குழந்தைகளுக்கு வேறொரு கணிப்பு உண்டு. அது ஒரே இடத்தில் மட்டும் தெரிந்தாலும் கணக்கில் வரும். ஆனால் அதற்கும் 6 மாதக் கணக்கு இருக்கிறது. அதோடு, சண்டை கூடப்பிறந்தவர்களோடு மட்டும்தான் என்றால் அந்தக் கணிப்பு பொருந்தாது. தங்கையை அடிப்பதற்கெல்லாம் நோய்ப்பெயர் வைத்தால் நம் ஊரில் அண்ணன்மார்கள் ஒருவரும் தப்ப மாட்டார்கள்.

அதற்காக "பள்ளியில் நன்றாக இருக்கிறான், அப்படியானால் வீட்டில் வேண்டுமென்றே நடிக்கிறான்" என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஐம்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் சத்தம் போடாத பையன் நல்ல பையன்தான். அவன் கரும்பலகையில் இருப்பதைப் பாதிதான் எழுதுகிறானா, மதிய இடைவேளையில் யாரோடும் சேராமல் நிற்கிறானா என்பது ஆசிரியை கண்ணில் படாமல் போகலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தை நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வெடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஆசிரியையிடம் "எப்படி இருக்கான் மிஸ்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் "நல்லா இருக்கான்" என்ற பதில்தான் வரும். யார் பக்கத்தில் உட்காருகிறான், சாப்பாட்டு டப்பா காலியாகிறதா, எந்தப் பாடவேளையில் பாத்ரூம் போகக் கேட்கிறான், சத்தமாக வாசிக்கச் சொன்னால் என்ன செய்கிறான் என்று கேளுங்கள்.

வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்களே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது குழப்பம் இல்லை, தகவல். அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கும் அவருடன் வேலை செய்தவர்களும் 1987இல் 119 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே குழந்தையைப் பற்றித் தாயும் தந்தையும் சொல்வது ஓரளவுக்கு ஒத்துப்போனது. முழுக்க ஒத்துப்போனால் 1 என்று வைத்துக்கொண்டால், ஒட்டுறவு அளவு சுமார் 0.6. பெற்றோரையும் ஆசிரியரையும் ஒப்பிட்டால் அது 0.3க்கும் கீழே இறங்கிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. குழந்தை ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறு மாதிரிதான் நடந்துகொள்கிறது. உங்கள் மாமியார் காலையில் பார்க்கும் பேரனும், நீங்கள் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கும் மகனும், கணவர் ஒன்பது மணிக்குப் பார்க்கும் மகனும் ஒருவனே இல்லை. மூவரிடமும் தனித்தனியாக, "பையன் எப்படி?" என்று கேட்காமல், "நேத்து என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் சண்டை பாதி குறையும்.

வீட்டில் நடப்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லப்போகிறேன். அந்த நோட்டை எடுப்பதற்கு முன் உடம்பைப் பார்த்துவிடுங்கள். மனசு, வளர்ப்பு என்று பெரிய பேச்சு பேசிக்கொண்டிருக்கும்போது, விஷயம் மூக்கில் இருக்கும். இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறானா? மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து தூக்கம் கெடும் குழந்தை, பெரியவர்கள் மாதிரி பகலில் தூங்கி வழியாது. துள்ளும், எரிந்து விழும். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அப்பா வந்த பிறகுதான் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை, ஆறு மணிக்கு எழுப்பி வேனுக்கு அனுப்புவது என்றால் கணக்கு உதைக்கிறது இல்லையா? காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தச் சோகை இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா என்பதையும் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். நடுவில் சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி பேசுகிறான் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மருந்தையும் விடாதீர்கள். சளிக்கும் இளைப்புக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் மான்டிலுகாஸ்ட், சில குழந்தைகளிடம் எரிச்சல், கெட்ட கனவு, மூர்க்கம் போன்ற மாற்றங்களை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வைத்தது. இளைப்புக்குக் கொடுக்கும் சால்புட்டமால் சிரப்பும் சிலரைப் பதற வைக்கும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், இளைப்பு கூடிவிடும். எழுதிக் கொடுத்தவரிடம், "இதை ஆரம்பித்த பிறகுதான் இப்படியா?" என்று தேதியோடு கேளுங்கள்.

சரி, இப்போது நோட்டு. 40 பக்க நோட்டு போதும், இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒவ்வொரு ரகளைக்கும் ஒரு வரி: மணி என்ன, யார் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், எத்தனை நிமிடம், அதற்குப் பிறகு என்ன நடந்தது. நடத்தையியல் படித்தவர்கள் அறுபதுகளில் இருந்தே இப்படித்தான் எழுதி வருகிறார்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், எழுதும்போதுதான் கஷ்டம் தெரியும்.

முதல் கஷ்டம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது. "கோபப்பட்டான்", "திமிராக நடந்துகொண்டான்" என்று எழுதினால் அது உங்கள் தீர்ப்பு. "தட்டைத் தள்ளினான், சாம்பார் சிந்தியது, 4 நிமிடம் கத்தினான்" என்று எழுதினால் அது நடந்தது. வேடிக்கை என்னவென்றால், நிமிடத்தைப் பார்த்து எழுத ஆரம்பித்ததுமே நிறையத் தாய்மார்கள் "ஒரு மணி நேரம் கத்துறான்னு சொன்னேன், பார்த்தால் ஏழு நிமிஷம்தான்" என்று வருவார்கள். மனசில் ஒரு மணி நேரமாகத்தான் இருந்திருக்கும், அதுவும் உண்மைதான்.

இரண்டாவது கஷ்டம் கடைசிக் கட்டம். முன்னால் நடந்ததை எல்லோரும் எழுதிவிடுவார்கள். பின்னால் நடந்ததை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் அதில் இருப்பது பெரியவர்களின் கைவேலை. உதாரணத்துக்கு இப்படி ஒரு வரியை வைத்துக்கொள்ளுங்கள். 6.15 மணி. அம்மா வீட்டுப்பாடம் எழுதச் சொன்னார். பென்சிலை எறிந்தான், கத்தினான், 5 நிமிடம். அதற்குப் பிறகு? அப்பத்தா வந்து, "பச்சைப் பிள்ளையை இப்படியா அழ விடுவே" என்று போனைக் கையில் கொடுத்தார், அவன் அமைதியானான், வீட்டுப்பாடம் நாளைக்குப் போனது. இந்த வரியில் எல்லோருக்கும் லாபம். பையனுக்குப் பாடம் தள்ளிப்போனது, போன் கிடைத்தது. பாட்டிக்குக் காது குளிர்ந்தது. உங்களுக்கும், ஒப்புக்கொள்ளுங்கள், கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. லாபம் கிடைத்த வியாபாரத்தை யார் விடுவார்? அடுத்த நாள் 6.15க்கு எல்லோரும் அதையே செய்வார்கள்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்பவர் இதையே வருடக்கணக்காக வீடு வீடாக ஆள் அனுப்பிப் பார்த்து எழுதினார். குழந்தை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. இருவருமே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திக்கொள்கிறார்கள் என்பது 1982இல் அவர் எழுதிய நூலின் சாரம். நம்மிடம் அதற்குப் பழமொழியே இருக்கிறது: அழுத பிள்ளை பால் குடிக்கும். அழாத நேரத்தில் பால் கொடுத்தோமா என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் நோட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வையுங்கள்: அவன் நன்றாக இருந்த நேரங்கள். தங்கைக்கு அவனாகவே பிஸ்கட் கொடுத்தானா, கூப்பிட்டதும் வந்தானா, அப்போது யாராவது ஏதாவது சொன்னார்களா? பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கும்.

கணவர் சொல்லும் "நாலு சாத்து" இந்த நோட்டில் வந்தே ஆக வேண்டும். அடித்தால் அடங்குகிறானே என்பார். ஆமாம், அந்த நேரத்துக்கு அடங்குவான். அடித்தவருக்கு உடனே கிடைக்கும் அந்த அமைதிதான் அவரை நாளைக்கும் அடிக்க வைக்கிறது. பையனுக்கும் அப்பாவுக்கும் நடப்பது ஒரே கதைதான். அடித்த நாளையும் மறுநாளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். ரகளை குறைகிறதா, அப்பா இல்லாத நேரத்துக்கு இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். தங்கையை அவன் அடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். எந்தக் கை, எந்த வார்த்தை? சில நேரம் அது வீட்டில் வேறொருவரின் அச்சு அசலாக இருக்கும். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவில் தடை செய்துவிட்டது. இந்த விஷயத்தில் வகுப்பறை பல வீடுகளைவிட முன்னே போய்விட்டது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கூட்டுக் குடும்பத்தில் மருமகள், மாமியார் செய்வதை நோட்டில் எழுதுகிறார் என்றால் அது குண்டு. எந்த நோக்கத்தில் எழுதினாலும், கண்ணில் பட்ட அன்று வீட்டில் வேறு ரகளை நடக்கும். முதல் மூன்று நாள் நீங்கள் செய்ததை மட்டும் எழுதுங்கள். "நான் கத்தினேன்", "நான் போனைக் கொடுத்தேன்" என்று உங்கள் பிழையில் இருந்து ஆரம்பிக்கும் நோட்டை யாரும் கிழித்துப் போட மாட்டார்கள். பிறகு கணவரிடம் காட்டி, அவரையும் ஞாயிற்றுக்கிழமை எழுதச் சொல்லுங்கள். மாமியாருக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். அவர் எதிரி இல்லை. காலையில் அவனை ரகளை இல்லாமல் குளிப்பாட்டி அனுப்புபவர் அவராக இருந்தால், அதை எப்படிச் செய்கிறார் என்று தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் லாபம். நோட்டைக் காட்டி, "எல்லாம் எழுதிட்டேன், அப்பா வரட்டும்" என்று பையனை மட்டும் மிரட்டிவிடாதீர்கள்.

நோட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். 8 வயதுப் பையன், இரவில் மட்டும் வயிற்று வலி என்று உருளுவான், பிறகு பொருள்களை உடைப்பான். ஸ்கேன் வரை எடுத்தும் ஒன்றும் இல்லை. பதினொரு நாள் நோட்டில் "அதற்கு முன்" என்ற கட்டத்தை வரிசையாகப் படித்தோம். ஒன்பது நாளில், அப்பா வந்து, பாட்டி அன்றைய புகாரை ஆரம்பித்து, அம்மா பாத்திரத்தை வேகமாக வைத்த பத்து நிமிடத்துக்குள் வலி வந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் ஒன்பது நாளும் ஒரே பதில்: சண்டை நின்றது, மூவரும் அவனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பையன் நடிக்கவில்லை, வலி உண்மை. ஆனால் அந்த வீட்டில் தீயணைப்பு வண்டி அவன்தான். சால்வடார் மினுச்சின் போன்ற குடும்பச் சிகிச்சையாளர்கள் எழுபதுகளிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்: பெரியவர்கள் இருவருக்கு இடையில் தீராத சண்டை, குழந்தையின் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். குடும்பம் "இவன்தான் பிரச்சினை" என்று கைகாட்டும் ஆளைத் தாண்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது. அப்பா குடிக்கிறாரா, கடன் நெருக்குகிறதா, தங்கை பிறந்தபோது அவனை ஊரில் விட்டிருந்தீர்களா என்றெல்லாம் நான் கேட்டால், சம்பந்தமில்லாமல் கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேட்காமல் விட்ட கேள்விதான் பிறகு என்னைப் பிடித்திருக்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாயிடம், அழுதால் கண்டுகொள்ளாதீர்கள், நான்கைந்து நாளில் அடங்கும் என்று சொல்லி அனுப்பினேன். கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் அழுகை கூடும், பிறகுதான் குறையும் என்பது பாடநூலில் இருக்கிறது. அந்த வீட்டில் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வந்திருந்த தாத்தா ஒருவர் பக்கத்து அறையில் இருந்தார் என்பது என் நோட்டில் இல்லை. மூன்றாம் நாள் அழுகை உச்சத்தில் இருந்தபோது தாத்தா எழுந்து வந்து கேட்டதைக் கொடுத்துவிட்டார். இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்பதைப் பையனுக்கு நாங்களே கற்றுக்கொடுத்தோம். அதனால் இப்போது எந்த யோசனை சொல்வதற்கு முன்பும் கேட்பேன்: இதை வீட்டில் யாரால் தாங்க முடியாது?

பையனின் பிறவிச் சுபாவம் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸும் ஸ்டெல்லா செஸும் 1956இல் தொடங்கி 133 குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். சில குழந்தைகள் கைக்குழந்தையிலேயே எதையும் பலமாக எதிர்க்கும், மாற்றத்துக்கு மெதுவாகத்தான் பழகும். அது குற்றம் இல்லை. அந்தச் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதே விஷயம் என்றார்கள். தோட்டம் துரவு இருக்கும் வீட்டில் "துறுதுறுன்னு இருக்கான்" என்று பெயர் வாங்கும் பிள்ளை, கீழே வீட்டுக்காரர் குடியிருக்கும் இரண்டு அறை மாடி வீட்டில் "அடங்காதவன்" ஆகிவிடுவான்.

வயதையும் சேர்த்துப் பாருங்கள். அடிப்பது, கடிப்பது எல்லாம் இரண்டு, மூன்று வயதில்தான் உச்சம், பேச்சு வளர வளரக் குறையும் என்று கனடாவின் ரிச்சர்ட் டிரம்ப்ளே நீண்ட ஆய்வுகளில் காட்டினார். உங்கள் 4 வயது மகள் கிள்ளுவது அந்தக் கணக்கில் போகும். 7 வயதில் தினமும் அடிக்கிறான் என்றால் கவனிக்க வேண்டியதுதான். ஆனால் யார் ஆரம்பிக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "பாப்பா அடிச்சா அம்மா நோட்டுல எழுத மாட்டாங்களா?"

அவனிடமும் கேட்க வேண்டும், ஆனால் எதிரில் நிறுத்தி வைத்து "ஏன்டா அடிச்சே?" என்று கேட்டால் பதில் வராது. ஏழு வயதில் அவனுக்கே தெரியாது. பட்டாணி உரிக்கும்போது, வண்டியில் முன்னால் உட்கார்ந்து வரும்போது, முகம் பார்க்காமல் பேசும் நேரத்தில் கேளுங்கள். ஒரு நாளில் எந்த நேரம் ரொம்பப் பிடிக்கும், எந்த நேரம் பிடிக்கவே பிடிக்காது? வேனில் யார் பக்கத்தில் இடம்? பதிலுக்கு அறிவுரை சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

குழந்தையின் நடத்தையையும் மனநிலையையும் பற்றிக் கேட்கும் எஸ்டிக்யூ என்ற கேள்வித்தாள் உண்டு. ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது, 25 கேள்விகள், தமிழிலும் இருக்கிறது, பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியாக நிரப்பலாம். அது சலிக்கும் சல்லடை மட்டும்தான். மதிப்பெண் கூடினால் ஒரு நிபுணரைப் பாருங்கள் என்று அர்த்தம், நோய் உறுதி என்று அர்த்தமில்லை.

நோட்டு முடியும் வரை காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. செத்துப்போகிறேன் என்று திரும்பத் திரும்பச் சொல்வது, தன்னையே காயப்படுத்திக்கொள்வது, தெரிந்திருந்த பேச்சையோ பழக்கத்தையோ இழப்பது, தீ வைப்பது, பிராணிகளை வதைப்பது, பள்ளிக்குப் போகவே மறுப்பது. ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் மிரள்வது, வயதுக்கு மீறிய பாலியல் பேச்சு அல்லது விளையாட்டு திடீரென்று வருவது. கடைசி இரண்டில் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி மூடி மறைப்பதுதான் அதிகம் நடக்கிறது; குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். மற்றவற்றுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு, வளர்ச்சி சார்ந்த சந்தேகம் என்றால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. போனில் பேச 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம்.

போகும்போது கணவரும் வரட்டும். "டாக்டர் ஊசி போடுவார்" என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் குற்றப்பட்டியலை வாசிக்காதீர்கள். நோட்டை நீட்டினால் போதும், அவர்கள் படித்துக்கொள்வார்கள்.

நாளை சாயங்காலம் வேன் வந்து நிற்கும் நேரத்தில் இருந்து ஆரம்பியுங்கள். இறங்கியதும் கொறிக்க ஏதாவது கொடுத்துவிட்டு எழுதுங்கள், பசியும் ரகளையும் சேர்ந்து குழப்பும். இரண்டு வாரம் கழித்து, கடைசிக் கட்டத்தில் எது அதிகம் வந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். குறட்டை விடுகிறானா என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.